பூட்டிய கணினி அறையும் மூன்றாண்டு வாக்குறுதியும்: ஒரு நிறுவனத்தின் கல்வி உதவி குறித்த நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் மனிதர்களுக்கும் பெயர் தரவில்லை. ஐந்து பேர் கொண்ட நன்கொடைக் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். முதலில் எடுத்த தவறான முடிவில் என் கையெழுத்தும் இருக்கிறது. கல்விக்காகப் பணம் ஒதுக்கும் வேறு நிறுவனங்கள் அதே வழியில் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

ஏறத்தாழ 400 பேர் வேலை செய்யும் உற்பத்தி நிறுவனம் அது. ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குவது நிறுவனர் காலத்திலிருந்தே வழக்கம். பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகமும் பையும் வழங்கி வந்தோம். பிறகு, இந்தச் சிறு உதவிகளை விட்டுவிட்டு நிலைத்து நிற்கும்படி ஒன்றைச் செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. நோக்கத்தில் குறை இல்லை. குறை காலத்தில் இருந்தது. அந்தப் பேச்சு எழுந்தபோது நிதியாண்டு முடிய ஏழு வாரங்களே இருந்தன. ஒதுக்கிய தொகையில் பாதிக்கும் மேல் செலவாகாமல் கிடந்தது.

ஏழு வாரத்துக்குள் செலவழித்துக் கணக்கை முடிக்க வேண்டுமென்றால் பொருள்தான் வாங்க முடியும். அப்படித்தான் 24 கணினிகள் கொண்ட ஓர் அறை என்ற முடிவுக்கு வந்தோம். கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 210 பேர். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள்.

தலைமையாசிரியரிடம் "உங்களுக்கு என்ன தேவை?" என்று நாங்கள் கேட்கவில்லை. "கணினிகள் தருகிறோம், வைக்க அறை இருக்கிறதா?" என்று கேட்டோம். இருக்கிறது என்றார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? திறப்பு விழா நடந்தது, படங்கள் எடுத்தோம், ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் வந்தது.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

அடுத்த ஆண்டறிக்கைக்குப் புதிய படங்கள் தேவைப்பட்டன. கண்காணிப்பதற்காக அல்ல, அதற்காகத்தான் மீண்டும் அந்தப் பள்ளிக்குப் போனோம். அறை பூட்டியிருந்தது. சாவி வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று.

உள்ளே 24 கணினிகளில் 15 வேலை செய்தன. பழுது நீக்கும் ஒப்பந்தம் முதல் ஆண்டோடு முடிந்திருந்தது. கணினி சொல்லித்தர ஆசிரியர் இல்லை. கூடுதல் மின்கட்டணத்துக்குப் பள்ளியிடம் பணம் இல்லை. தலைமையாசிரியர் ஒளிக்காமல் சொன்னார்: "பிள்ளைகள் கை பட்டு ஏதாவது கெட்டால் பொருள் பதிவேட்டில் நான்தான் பதில் எழுத வேண்டும். பூட்டி வைத்தால் அந்தக் கவலை இல்லை." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளைக் கொடுத்தோம்; அதைக் காக்கும் பாரத்தையும் சேர்த்தே அவர் தலையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

கணினிகள் ஓயாமல் ஓடியிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்ற கேள்வி பின்னர்தான் எனக்கு எழுந்தது. பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். கணினிகள் பள்ளிகளை அடைந்தன, பயன்பாடும் கூடியது. ஆனால் பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் மொழியிலோ கணக்கிலோ முன்னேற்றம் தெரியவில்லை. நாங்கள் முடிவெடுத்த காலத்தில் இந்த ஆய்வு எல்லோருக்கும் கிடைக்கும்படிதான் இருந்தது. எங்களில் ஒருவரும் தேடவில்லை.

சாவிக்காகக் காத்திருந்தபோது கண்டது

இந்த நிகழ்வின் திருப்பம் அந்த நாற்பது நிமிடத்தில்தான் நடந்தது. எங்களோடு வந்த கணக்குப் பிரிவு ஊழியர், வராந்தாவில் நின்ற ஐந்தாம் வகுப்புச் சிறுமியிடம் அவளுடைய பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தடங்கலின்றிப் படித்தாள். பாராட்டிவிட்டு வேறொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் சொன்ன அதே பாடத்தை, அதே வேகத்தில், விரலை வரிகளின் மேல் நகர்த்திக்கொண்டே மீண்டும் சொன்னாள்.

ஐந்து ஆண்டுகள் தவறாமல் பள்ளிக்கு வந்தவள் அவள். ஒரு பாடத்தை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு முயன்றிருக்கிறாள். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. பள்ளியின் ஒப்புதலோடு, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான 78 பிள்ளைகளையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னோம். மூன்று நாள் ஆயிற்று. எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்ற நான்கு படிகள் கொண்ட ஒற்றைத்தாள் முறை அது. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பை அளக்கப் பயன்படுத்திவரும் எளிய முறையை ஒட்டியது.

11 பேருக்கு எழுத்துகளே தெரியவில்லை. 19 பேர் எழுத்தோடும் 21 பேர் சொல்லோடும் நின்றார்கள். பத்தி வாசித்தவர்கள் 16 பேர், கதை வாசித்தவர்கள் 11 பேர். 78 பேரில் 51 பேரால் ஒரு பத்தியை வாசிக்க முடியவில்லை.

இது அந்தப் பள்ளிக்கு மட்டுமே உரிய சீர்கேடு என்று நினைத்துவிடக் கூடாது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினர் எளிய உரையை வாசித்துப் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்று உலக வங்கி 2019இல் மதிப்பிட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022இல், அந்த மதிப்பீடு 70 விழுக்காட்டை எட்டியது.

சோதனையின்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில பிள்ளைகள் தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்கள். அதனால் பள்ளி முழுவதற்கும் கண் பரிசோதனை செய்தோம். 23 பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

பெற்றோர் கூட்டம்

வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து ஒரு மாலையில் பெற்றோரை அழைத்தோம். முடிவுகளை எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். ஒரு தாய் எழுந்து கேட்டார்: "ஒவ்வொரு வருஷமும் தேர்ச்சி என்றுதானே அட்டை வந்தது? வாசிக்கத் தெரியவில்லை என்று எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?"

பள்ளியிடம் அதற்குப் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை. கணினி வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

குழுவுக்குள் நான்கு வாரம் வாக்குவாதம் நடந்தது. மூன்று யோசனைகள் எழுந்தன.

கணினி அறையைச் சீர்படுத்தி அதற்கு ஓர் ஆசிரியரை அமர்த்தலாம் என்றார் ஒருவர். முன்பு செய்த செலவை வீணாக்கக் கூடாது என்பது அவர் வாதம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் திரையில் ஓடும் எழுத்தும் புத்தகத்தில் இருக்கும் எழுத்தும் ஒன்றுதான் என்பதால் அது நிற்கவில்லை.

இரண்டாவது யோசனை, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை. இதற்குத்தான் ஆதரவு அதிகம். நானும் முதலில் அதன் பக்கமே சாய்ந்தேன். உதவித்தொகை நல்லதுதான், உயர்கல்வி வாசலில் பணமில்லாமல் திரும்பும் மாணவருக்கு அதுவே எல்லாம். ஆனால் இந்தப் பள்ளியில் அது ஏற்கெனவே கதை வாசிக்கும் 11 பேரையே தேடிப் போய்ச் சேரும். 1990களின் பிற்பகுதியில் மேற்குக் கென்யப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல் தந்து ஆராய்ந்தபோது இதை ஒத்ததுதான் நடந்தது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் மேலும் உயர்ந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அது மூன்றாவது மொழி. பின்தங்கியவர்களால் தொடவே முடியாத உயரத்தில் உதவியை வைத்தால் அது பின்தங்கியவர்களுக்கான உதவி ஆகாது.

மூன்றாவது யோசனையை ஏற்றோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், வகுப்பு வாரியாக அல்லாமல் வாசிப்பு நிலை வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு அந்தப் பகுதியிலேயே மேல்நிலைப் படிப்பு முடித்த இரண்டு பெண்களை மாதச் சம்பளத்தில் அமர்த்துவது. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்துக் கற்பிக்க உள்ளூர்ப் பெண்களை அமர்த்திய பிரதம் திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து, கற்றல் தெளிவாக உயர்ந்ததை 2007இல் வெளியிட்டார்கள். 2019இல் மைக்கேல் கிரேமரோடு சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்ற அதே இருவர்தான். கென்யப் பாடநூல் ஆய்வில் கிரேமரும் ஒருவர்.

நிதித் தலைவர் கடுமையாக எதிர்த்தார். "பொருள் வாங்கினால் கணக்கு அன்றே முடிந்துவிடும். சம்பளம் என்று தொடங்கினால் முடிக்க முடியாது." அவர் சொன்னது முழு உண்மை. நான் அந்த உண்மையையே எங்கள் வாதமாக எடுத்துக்கொண்டேன். ஒரு பிள்ளை வாசிக்கக் கற்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்றால், அதற்கான செலவும் ஒரே நாளில் முடியாது. கடைசியில் மூன்று ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் வாக்குறுதி தந்தோம். பள்ளிக்கு ஒரு கடிதமும், அந்த இரண்டு பெண்களுக்குத் தனித்தனியே ஒவ்வொரு கடிதமும் போயின.

வேறு இரண்டு முடிவுகளும் எடுத்தோம். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை அறிக்கையில் போடுவதில்லை. வாசிக்கத் தெரியாதவள் என்று ஒரு குழந்தையை ஊருக்குக் காட்டும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆண்டுதோறும் வழங்கிய நோட்டுப் புத்தகங்களையும் நிறுத்தினோம். ஜாம்பியாவிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பள்ளிக்கு மானியம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தபோது, பெற்றோர் அதற்கேற்பத் தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டார்கள், கற்றல் கூடவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செலவு குறைவது ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய நிம்மதி அல்ல. நோட்டுகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது சிலரைச் சிரமப்படுத்தியது. ஓர் ஆண்டு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ஆண்டு

நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஆசிரியர்களிடமிருந்து வந்தது. வாசிப்புச் சோதனையைத் தங்கள் மீதான விசாரணையாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவகையில் அது அப்படித்தான் நடந்திருந்தது. அவர்களைச் சேர்க்காமல் வெளியார் வந்து, அவர்களின் மாணவர்களைச் சோதித்து, குறையைப் பெற்றோர் முன் வைத்தோம். இரண்டு பெண்களுக்கும் முதல் மாதம் ஆசிரியர் அறையில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியை மட்டும் முதல் வாரத்திலிருந்தே தன் வகுப்பறையைத் தந்தார். இரண்டாம் பருவத்தில் சோதனையை ஆசிரியர்களே நடத்தும்படி மாற்றினோம். தங்கள் கையால் அளந்தபோது அதே எண்கள் அவர்களைப் புண்படுத்தவில்லை. நாற்காலியும் வந்தது.

பிள்ளைகளுக்கு வெட்கம் பெரிய தடை. ஐந்தாம் வகுப்பில் படிப்பவன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்துப் படிக்க உட்கார வேண்டும். இரண்டு சிறுவர்கள் அந்த ஒரு மணி நேரம் மட்டும் காணாமல் போனார்கள். குழுவில் இதைப் பேசி முடிவெடுப்பதற்குள், அந்தப் பெண்களில் ஒருவர் தானே வழி கண்டார். பள்ளி தொடங்கக் கால் மணி முன்பே வரச் சொல்லி, யாரும் பார்க்காத நேரத்தில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். ஏழாவது வாரத்தில் இருவரும் வகுப்பில் மற்றவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கால் மணி அவர் சம்பளத்தில் இல்லை. அப்படி ஒன்று நடப்பதே எங்களுக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

கண்ணாடிகளிலும் பாடம் இருந்தது. 21 பேருக்குப் புதிதாகக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 8 பேர் அணியவில்லை. உடைந்தவை இரண்டு. மற்றவர்களுக்குக் கேலி, அல்லது கண்ணாடி போட்டால் பார்வை மேலும் கெடும் என்ற வீட்டாரின் பயம். சீனாவின் கான்சு மாகாணத்தில் தொடக்கப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி தந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் வேண்டாம் என்று மறுத்திருக்கின்றன. அணிந்தவர்களின் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது. மறுப்பும் பயனும் சேர்ந்தே வருகின்றன. பரிசோதித்த கண் மருத்துவரை மீண்டும் அழைத்து, இந்த முறை பிள்ளைகளிடம் அல்லாமல் பெற்றோரிடம் பேச வைத்தோம். உடைந்தால் மாற்றிக்கொள்ளச் சில கண்ணாடிச் சட்டங்களைப் பள்ளியிலேயே வைத்தோம். 8 பேரில் 5 பேர் மீண்டும் அணிந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு: நாங்கள் வாக்குத் தவறியது

இரண்டாம் ஆண்டில் நிறுவனத்தின் லாபம் சரிந்தது. நன்கொடை ஒதுக்கீடு 40 விழுக்காடு குறைந்தது. கடிதத்தில் மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தோமே தவிர, அந்த மூன்று ஆண்டுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைக்கவில்லை. இரண்டு சம்பளத்தில் ஒன்றை நிறுத்தினோம். வேறொரு வேலையை விட்டுவிட்டு எங்கள் கடிதத்தை நம்பி வந்தவர் அவர். நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தார்.

அவரிடம் இருந்தது மிகவும் பின்தங்கிய 18 பேர் கொண்ட குழு. அவர்களை மற்றவரின் குழுவோடு சேர்த்தோம். ஒருவரிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்ததும் நிலை வாரியாகக் கற்பிப்பது பேச்சளவில் நின்றது. வேலை இழந்தவர் திரும்பி வந்து மீண்டும் சோதித்தபோது, அந்த 18 பேரில் ஐந்து பேர் முந்தைய படிக்கு இறங்கியிருந்தார்கள். சிக்கனம் என்று நாங்கள் பெயர் வைத்ததன் விலையை அந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

அவரை மீண்டும் அழைக்க முடிந்ததற்கு நிதித் தலைவரே காரணம். தொடக்கத்தில் எதிர்த்தவர்தான், "கையெழுத்துப் போட்ட பிறகு இது நன்கொடை இல்லை, கடன்" என்று இயக்குநர்களிடம் வாதாடினார். நான்கு மாதச் சம்பளமும் நிலுவையாக வழங்கப்பட்டது. மன்னிப்புக் கடிதமும் கொடுத்தோம்.

இரண்டு ஆண்டு முடிவில்

முதலில் சோதித்த 78 பேரில் 66 பேர் பள்ளியில் இருந்தார்கள். அந்த 66 பேரில் தொடக்கத்தில் பத்தியோ கதையோ வாசித்தவர்கள் 22 பேர்; இரண்டு ஆண்டு முடிவில் 49 பேர். 17 பேருக்கு இன்னும் வரவில்லை. பாடத்தை ஒப்பித்த சிறுமி இப்போது சிறுகதை வாசிக்கிறாள்; நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் அவள் கண் பக்கத்தின் மேல் இருக்கிறது.

இந்த உயர்வு முழுவதையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பள்ளி எதையும் நாங்கள் அளக்கவில்லை. இரண்டு வயது கூடியதாலேயே சிலர் கற்றிருப்பார்கள். கண்ணாடியால் எவ்வளவு, வாசிப்பு நேரத்தால் எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை.

பூட்டிய அறை இப்போது காலையில் திறக்கிறது. வேலை செய்யும் கணினிகள் அங்கேயே இருக்கின்றன. பழுதானால் நிறுவனமே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோம்; தலைமையாசிரியரின் தயக்கம் அதோடு நீங்கியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மூன்று ஆண்டு என்று சொன்னால் மூன்று ஆண்டுக்கான பணமும் முதல் நாளே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதனால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை என்பதே என் முடிவு. நிதியாண்டின் கடைசி இரண்டு மாதங்களில் புதிய திட்டம் எதையும் தொடங்குவதில்லை என்று குழு இப்போது விதி வைத்திருக்கிறது. முதல் சோதனையை ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்தியிருந்தால் ஒரு பருவத்துக் கசப்பு மிச்சமாகியிருக்கும்.

பள்ளியை விட்டுப் போன 12 பேரைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர்களில் ஏழு குடும்பங்கள் வேலை தேடி இடம் மாறின. பிள்ளைகள் வேறு பள்ளிகளில் சேர்ந்துவிட்டதைத் தலைமையாசிரியர் உறுதி செய்தார். மற்ற ஐந்து பேர் எங்கே என்று பள்ளிக்குத் தெரியவில்லை. அந்த ஐவரில் நான்கு பேர் முதல் சோதனையில் எழுத்துப் படியைத் தாண்டாதவர்கள். அதாவது எங்கள் உதவி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களையே தவறவிட்டோம்.

மூன்றாம் ஆண்டின் முதல் வாரத்தில், நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்த அதே பெண் பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்த முகவரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போனார். இரண்டு பேரைக் கண்டுபிடித்தார். ஒருத்தி பள்ளிக்குத் திரும்பியிருக்கிறாள். மற்ற மூவரையும் தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இந்த ஆண்டு முதன்முறையாக அதற்கென ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளைத் தேடிச் செல்லும் செலவு.